மூடாத பக்கம்

ஹேலான் மலைக்காற்று விடியலுக்கு முன்பே தோட்டத்துக்கு வந்துவிடும். அது ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. ஆஷெ பம்பு அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. தலைத்துணியை இறுக்கி முடிந்து, மண்வாரியைத் தோளில் போட்டு, "பிஸ்மில்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். கிளறிப் போட்டிருந்த மண்ணில் உறைபனி உப்புப் பூத்ததுபோல் கிடந்தது. ஒவ்வோர் அடிக்கும் காலடியில் நொறுங்கியது. அந்த விடியலில் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

திராட்சைக்கொடியை வெளியே நிற்கவிட்டால் இந்த ஊர்க் குளிர் அதைக் கொன்றுவிடும். நவம்பர் பிறந்து நிலம் இறுகுவதற்குள் கம்பியிலிருந்து அவிழ்த்து, கழித்து, தரையோடு தரையாகச் சாய்த்து, மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். பிறகு ஏப்ரலில் தோண்டி எழுப்ப வேண்டும். புதைப்பதும் எழுப்புவதும் பெண்கள் வேலை. அந்தப் பழத்தில் இறக்கும் மதுவை அவர்கள் யாரும் நாக்கில் வைத்ததில்லை. மார்க்கம் விலக்கியது. விலக்காவிட்டாலும் அந்தப் புட்டி விலைக்கு அவர்கள் பக்கத்தில் போயிருக்க முடியாது.

சாலையில் வேனின் விளக்கு தெரிந்தது. அரசாங்கம் குடியேற்றிய புது ஊரிலிருந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். இருபத்தொன்பது பேர், ஆஷெயோடு சேர்த்து முப்பது. மேஸ்திரி எர்சா கையில் பட்டியலோடு முன்னால் குதித்தான்.

"என்ன ஆஷெ, முதலாளி வீட்டுப் பூனை நல்லாத் தூங்கிச்சா?" என்றாள் ஹலிமெய். கூட்டத்தில் அவள் நாக்குதான் நீளம். "எங்களுக்கு மூணு மணிக்கே வேன். உனக்கென்ன, கதவைத் திறந்தா வேலை!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆஷெ மண்வாரியை மறுதோளுக்கு மாற்றினாள். பதில் சொல்லிப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கணவனின் நுரையீரல் நோய்க்குப் புது ஊரில் கொடுத்த வீட்டை விற்றாள். நோய் போகவில்லை, அவர்தான் போனார். ஒரே மகள் தெற்கே கடலோரத்தில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறாள், பெருநாளுக்குப் பெருநாள் பேசுவாள். வீடில்லாமல் நின்ற அன்று முதலாளி தெங், "பம்பு அறையிலே இருந்துக்கங்க அக்கா, குளிர்காலத்துல தோட்டத்தைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். அன்றிலிருந்து ஊர்ப் பெண்களுக்கு அவள் முதலாளி வீட்டுப் பூனை. ஐந்து மாதம் மண்மேடுகளையும் மலையையும் பார்த்துக்கொண்டு தனியே கிடக்கும் பூனை.

அவளோடு ஜோடி சேர ஒருத்திதான் உண்டு. சுலெய்ஹா. தடித்த உடம்பு, கரகரத்த குரல், மேல்வரிசையில் இரண்டு பல் கிடையாது. மூடும் வேலை ஜோடி வேலை. வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கிளறும் உருளை பூட்டிய டிராக்டர் வண்டி இரண்டு வரிசைக்கு இடையிலான நடுச்சாலில் ஓடி மண்ணைக் கிளறிக் குவித்துவிட்டுப் போகும். இருவரும் எதிரெதிரே நின்று அதைக் கொடிமேல் ஏற்றி, விரிசல் தெரியாமல் தட்டி மூட வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் விட்டால் மூடாததற்குச் சமம். காற்று உள்ளே புகுந்து வேர்வரை போய்விடும். பத்து வருஷமாக ஆஷெ கிழக்குப் பக்கம், சுலெய்ஹா மேற்குப் பக்கம். மேற்கில்தான் மலைக்காற்று நேரே அடிக்கும்.

"மாத்திக்கலாம் மதினி," என்று ஒவ்வொரு வருஷமும் ஆஷெ சொல்வாள்.

"போடி. உன் எலும்புக்கு அந்தக் காத்து கேக்குமா? எனக்குத்தான் அல்லா சதையாக் குடுத்திருக்கான்," என்பாள் சுலெய்ஹா.

அன்று காலை முதலாளி தெங் தாமே வந்திருந்தார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, கையில் கைபேசி. "மூணு நாள்ல பெரிய குளிர் வருதாம். அதுக்குள்ள பழைய தோட்டம் முழுக்க மூடியாகணும். எர்சா, இப்பவே சாய்க்கச் சொல்லு. வண்டியும் பக்கத்திலேயே வரட்டும்."

எர்சா தலையைச் சொறிந்தான். "முதலாளி, காலைல கொடி விறைச்சிருக்கும். வெயில் ஏறினாத்தான் வளையும். அதோட கொக்கி வரல. பழைய கொடி, பிடிச்சு நிறுத்தக் கொக்கி வேணும்."

"கொக்கி, கொக்கி! முப்பது பேர் இருக்காங்க, அறுபது முழங்கால் இருக்கு. முட்டி போட்டுப் பிடிக்கச் சொல்லுய்யா."

போன வருஷம்வரை ஆளுக்கு ஒரு மூட்டை இரும்புக் கொக்கி கொடுப்பார்கள். சாய்த்த கொடியைத் தரையில் அறைந்து நிறுத்திவிட்டு விலகிக்கொள்ளலாம். இந்த வருஷம் மது விலை இறங்கிவிட்டதாம். கூலியில் முப்பது யுவான் போயிற்று, கொக்கியும் போயிற்று.

பதினேழாம் வரிசை. மணிக்கட்டு கனத்தில் முறுக்கேறிய கொடிகள். சுலெய்ஹா ஒன்றை அணைத்துப் பிடித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்லச் சாய்த்தாள். உள்ளே படபடவென்று நார் தெறிக்கும் சத்தம்.

"பாத்தியா, அழுவுது," என்றாள். "என் இடுப்பும் இப்படித்தான் காலைல சத்தம் போடுது. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு."

"உனக்கு முப்பத்தஞ்சுதானே? பட்டியல்ல அப்படித்தான் இருக்கு," என்றாள் ஆஷெ.

சுலெய்ஹா பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அறுபத்தொன்று நடக்கிறது அவளுக்கு. ஐம்பத்தைந்தைத் தாண்டினால் காப்பீடு கிடையாது, காப்பீடு இல்லாதவர்களுக்கு வேலையும் கிடையாது. ஆகவே மருமகளின் அடையாள அட்டையில் வேலைக்கு வந்தாள். அவள் மட்டுமா? ஊரில் இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய கிழவிகள் மகள் பெயரிலும் மருமகள் பெயரிலும் மண்ணள்ளினார்கள். எர்சாவுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். பட்டியலில் சொந்தப் பெயரில் இருந்தவள் ஐம்பத்துமூன்று வயது ஆஷெ ஒருத்திதான்.

"சீக்கிரம் போடுடி, துள்ளுது இது," என்று சுலெய்ஹா கொடிமேல் முழங்காலை ஊன்றினாள். ஒரு கால் கொடிமேல், மறுகால் பின்னால் நீண்டு நடுச்சாலில். ஆஷெ மண்ணை வாரி வாரிப் போட்டாள்.

வண்டி வரும் சத்தம் இருவருக்கும் கேட்டது. எப்போதும் கேட்கும் சத்தம்தான், எப்போதும் நாலு வரிசை தள்ளி வரும். இன்று பக்கத்துச் சாலிலேயே வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் கிளறும் உருளையைப் பார்க்கவே கண் போதவில்லை. கிளம்பிய புழுதியில் தரையோடு கிடந்த ஒரு கிழவியின் கால் அவனுக்குத் தெரியவில்லை.

"மதினி, காலை எடு!"

சுலெய்ஹா எடுத்திருக்கலாம். எடுத்தால் கொடி துள்ளி எழுந்து முறியும். பத்து வருஷப் பழக்கம் அவளை ஒரு கணம் கொடிமேலேயே நிறுத்திவிட்டது. அந்த ஒரு கணத்தில் சக்கரம் ஏறியது.

அவள் போட்ட ஒற்றைச் சத்தத்துக்குத் தோட்டம் முழுக்க மண்வாரிகள் நின்றன. ஆஷெ வரிசையைத் தாண்டிக் குதித்து ஓடினாள். செருப்பும் பாதமும் ஒன்றாக நசுங்கியிருந்தன. தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள், துணி உடனே நனைந்தது. எர்சாவும் நாலு பெண்களுமாகத் தூக்கி வேனில் போட்டார்கள். வேன் போனதும் தெங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சரி, ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. நீங்க வேலையைப் பாருங்க," என்றார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மண்வாரியை எடுத்தார்கள். எல்லாருக்கும் அழுகை வந்தது. எல்லாருக்கும் பயமும் வந்தது. பயம் பெரிதாக இருந்தது.

ஆஷெ அன்று வெறுந்தலையோடு இரண்டு பக்கமும் தானே மண் போட்டாள். கிழக்கில் பத்து வாரி, தாண்டிப் போய் மேற்கில் பத்து வாரி. தலைநிமிர்ந்தால் எதிரே யாரும் இல்லை, கம்பியும் கல்தூணும் மலையும்தான். பத்து வருஷம் ஒரே முகத்தைப் பார்த்து வேலை செய்துவிட்டால் அந்த முகம் இல்லாத இடம் குழிபோலத் தெரியும். இருட்டும்வரை அவளோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பெண்கள் வேனேறிப் போன பிறகு முதலாளி பம்பு அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அக்கா, அந்த அம்மா பேரு என்ன?"

ஆஷெ விழித்தாள். "சுலெய்ஹா. பத்து வருஷமா இங்கதான் வேலை செய்யறா."

"பட்டியல்ல அப்படி ஒருத்தர் இல்லையே. அவங்க மருமக பேரு இருக்கு. மருமகளுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" அவர் ஒரு தாளை எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தார். "கழிச்சுப் போட்ட குச்சியை அடுப்புக்குப் பொறுக்க வந்த அம்மா, வண்டி வர்றதைப் பாக்காம குறுக்க வந்துட்டாங்க. பக்கத்துல இருந்து பாத்தது நீங்க. இந்தக் கூட்டத்துல சொந்தப் பேரு உள்ளதும் நீங்க ஒருத்தர்தான். உங்க கைநாட்டு இருந்தா எனக்குப் போதும்."

"அவ குச்சி பொறுக்கல முதலாளி. உங்க கொடியைப் பிடிச்சுக்கிட்டிருந்தா."

"அக்கா." குரல் இன்னும் கனிந்தது. "நான் கெட்டவன் இல்ல. வைத்தியத்துக்குக் கொஞ்சம் குடுக்கத்தான் போறேன், தர்மமா. சட்டமுன்னு வந்தா வேற. பேரு மாத்தி வேலைக்கு வந்ததுக்கு முதல்ல மாட்டறது யாரு? அவங்கதான். மத்தவங்களும்தான். யோசிங்க. வெளியே எவ்வளவு குளிரு பாத்தீங்களா?" அவர் கண்கள் அறையை ஒரு சுற்றுச் சுற்றின. அடுப்பு, கட்டில், ஆணியில் தொங்கிய போர்வை. அவர் சொல்லாமல் விட்டது ஆஷெக்கு நன்றாகவே புரிந்தது.

அவர் போனதும் கைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் மருமகள் எடுத்து, அழுதுகொண்டே மாமியாரிடம் கொடுத்தாள்.

"யாருடி, ஆஷெயா?" கரகரப்பு போய்க் காற்றாக வந்தது குரல். "பதினேழாம் வரிசையை மூடிட்டியா?"

"மூடிட்டேன் மதினி. கால் எப்படி?"

"நாளைக்குப் பாதத்தை எடுக்கணுங்கறாங்க. போகட்டும், மண்ணுல நிக்க ஒரு கால் போதாதா?" சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்தினாள். "எர்சா சொன்னான், உன்கிட்ட தாளைக் குடுப்பாங்கன்னு. வச்சிடு."

"என்ன சொல்றே!"

"கைநாட்டை வச்சிடு. எனக்கு மகன் இருக்கான், வீடு இருக்கு. உனக்கு அந்த அறையை விட்டா வேற கூரை இல்லை. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பேச்சு நின்றதும் ஆஷெ கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்து வற்றியது. இந்த உலகத்தில் அவளுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தவள் ஒருத்திதான். முதலில் காற்றில்லாத பக்கத்தைக் கொடுத்தாள். இப்போது தன் காலையே குச்சி பொறுக்கிய கால் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். ஆஷெ அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து அழுதாள். சுலெய்ஹாவுக்காக மட்டும் அழுதாள் என்று சொன்னால் பொய். தனக்காகவும் அழுதாள். அந்த அடுப்பின் சூடு அவளுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் விடியலில் வேன் வந்தபோது ஆஷெ பதினெட்டாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கொடிகளை முந்தைய நாளே சாய்த்து, துள்ளி எழாமல் இருக்க நுனியில் மட்டும் மண் போட்டிருந்தது. கிழக்குப் பக்கம் நின்று மண்ணை ஏற்றினாள். நிதானமாக, விரிசல் இல்லாமல், தட்டித் தட்டி வரிசையின் கடைசிவரை போனாள். பிறகு மண்வாரியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றாள். மேற்குப் பக்கம் கொடிகள் அப்படியே கிடந்தன. அவற்றின்மேல் மலைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

எர்சா ஓடி வந்தான். "என்னக்கா இது? அந்தப் பக்கம்?"

"அது என் பக்கம் இல்ல தம்பி. சுலெய்ஹா பக்கம்."

"அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்களே!"

"இங்க வேலை செய்யறவ இல்லேன்னா ஆஸ்பத்திரிக்கு ஏன் போனா?"

முதலாளி வந்தார். பெண்கள் வரிசைகளின் நடுவே நின்று பார்த்தார்கள். ஆஷெ இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். கைநாட்டு வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"நல்லா யோசிச்சீங்களா அக்கா?"

"விடிய விடிய யோசிச்சேன் முதலாளி. அவ முட்டி போட்டுப் பிடிச்சிருந்தது உங்க கொடியை. முட்டி போடச் சொன்னது நீங்க. யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், சொந்தப் பேருல."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்க." குரலில் கனிவு போய்விட்டது. "எர்சா, வேற ஜோடியை இந்த வரிசையில விடு. ம், மத்தவங்க என்ன வேடிக்கை? வேலையைப் பாருங்க!"

பெண்கள் கலைந்தார்கள். மண்வாரிகள் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. ஆஷெ திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்பார்த்ததுதான். இனி எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். மகளுக்கு ஒரு விடுதியில் பாதிக் கட்டில்தான் உண்டு. வேறு ஒரு வாசலும் நினைவுக்கு வரவில்லை. காது மடல் உணர்வற்றுப் போயிருந்தது. அவளுடைய ஒரே தலைத்துணி ஆஸ்பத்திரியில் எங்கோ கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு ஏதோ உறைத்தது. மண்வாரிச் சத்தம் குறைந்திருந்தது. வழக்கமாக ஜோடி ஜோடியாக, ஒன்று விழ ஒன்று எழும் சத்தம் அது. இப்போது ஒன்று மட்டும் விழுந்தது. அடுத்து வர வேண்டியது வரவில்லை.

திரும்பினாள். பத்தொன்பதாம் வரிசையில் ஹலிமெயின் ஜோடி கிழக்குப் பக்கம் மண் போட்டுக்கொண்டிருந்தாள். ஹலிமெய் மேற்குப் பக்கத்தில் மண்வாரியைக் குத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். இருபதாம் வரிசையிலும் அப்படியே. இருபத்தொன்றிலும். எல்லா வரிசையிலும் கிழக்கு மூடிக்கொண்டு வந்தது, மேற்கு திறந்து கிடந்தது.

"ஏய், என்ன பண்றீங்க?" தெங் கத்தினார். "பாதி மூடினா கொடி என்னத்துக்கு ஆகும்? முழுத் தோட்டமும் செத்துடும்!"

"சாகாது முதலாளி. குளிர் வர இன்னும் ரெண்டு நாள் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் ஹலிமெய். "அந்தப் பக்கத்தை மூட ஒரு மணி நேரம் போதும். நாங்க எங்க போயிடப் போறோம்? இங்கதான் நிப்போம்."

"பட்டியலை எடுத்துக்கிட்டு ஆபீசருங்களைக் கூப்பிடுவேன். எல்லாரும் பேரு மாத்தினவங்க. தெரியுமில்ல?"

அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இரண்டு மூன்று பேர் மண்வாரியை மறுபடி தொட்டார்கள். ஹலிமெயும் மண்வாரியை மண்ணிலிருந்து உருவினாள். பிறகு அதே இடத்தில் மறுபடி குத்தினாள்.

"கூப்பிடுங்க. பட்டியல்ல இருக்கிறது என் மக பேரு. என் பேரு ஹலிமெய். வயசு அறுபத்திரண்டு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, உங்க கொடியைப் பிடிச்சுப் பிடிச்சு. பேரு மாத்தி வந்தது தப்புதான். மாத்திக்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினது யாரு? அதையும் வர்ற ஆபீசரு எழுதிக்கட்டும்."

பிறகு இருபத்துமூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "என் பேரு மெய்யான். அம்பத்தொம்பது." அதன் பின்னால் இன்னொன்று. "ருகய்யே. அறுபத்துநாலு, நோன்பு வந்தா அஞ்சு." யாரோ சிரித்தார்கள். வருஷக்கணக்காக மகள், மருமகள் பெயருக்குள் புதைந்து கிடந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தம் பெயரையும் வயதையும் எடுத்துச் சொன்னார்கள். மூன்று பேர் சொல்லவே இல்லை, தலைகுனிந்து நின்றார்கள். ஆனாலும் மேற்குப் பக்கத்தில் அவர்களும் மண் போடவில்லை.

முதலாளி எர்சாவைப் பார்த்தார். எர்சா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். அதில் இருந்ததெல்லாம் அவன் கையெழுத்து. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுநரிடம் போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். தெங் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தார்ச்சாலைப் பக்கம் நடந்தார். யாரை அழைத்தார், யார் வருவார்கள், வந்து யார் பேச்சை எழுதுவார்கள், எதுவும் அப்போது தெரியாது. இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஹலிமெய் தன் வரிசையிலிருந்து வந்து பதினெட்டின் மேற்குப் பக்கத்தில் நின்றாள். சுலெய்ஹா நிற்கும் இடம். காற்று அவள் முதுகில் அடித்தது.

"அம்மாடி, என்னா காத்து! நாங்க நாளுக்கு நாள் பக்கம் மாத்திக்குவோம், இத்தனை வருஷமும் அந்தக் குண்டச்சி மாத்தாமலா இங்க நின்னா?" என்றாள். பிறகு தன் தலைத்துணிக்கு மேலே சுற்றியிருந்த கம்பளித் துணியை அவிழ்த்து, மூடாத கொடிகளுக்கு மேலாக நீட்டினாள். "இந்தா, தலையைக் கட்டு. போர்வையை மட்டும் எடுத்துக்கிட்டு சாயங்காலம் எங்க வேன்ல ஏறு. என் வீட்டுல அடுப்புச்சூட்டுல படுக்கற மேடையில பாதி சும்மாத்தான் கிடக்குது. ஆனா ஒண்ணு, நான் குறட்டை விடுவேன்."

ஆஷெ துணியை வாங்கிக்கொண்டாள். கட்ட முயன்றாள், விரல் விறைத்து முடிச்சு விழவில்லை. ஹலிமெய் கொடிகளை மிதிக்காமல் எட்டிக் குனிந்து முடிந்துவிட்டாள்.

"பூனைன்னு சொன்னதுக்குக் கோவமாடி?"

"இல்ல மதினி," என்றாள் ஆஷெ. பத்து வருஷத்தில் சுலெய்ஹாவைத் தவிர வேறு யாரையும் அவள் அப்படி அழைத்ததில்லை.

வெயில் ஏறியது. பெண்கள் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து, பாதி மூடிய வரிசைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தின்றார்கள். ஆஷெ கைபேசியை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அறுவைக்கு உள்ளே கொண்டுபோக இன்னும் நேரம் இருக்கிறது என்றாள் மருமகள். கைபேசி சுலெய்ஹாவின் காதுக்குப் போயிற்று.

"என்னடி, கைநாட்டை வச்சியா?"

"வைக்கல மதினி."

"கிறுக்கி. வரிசையாவது மூடியாச்சா?"

"உன் பக்கம் மூடல," என்றாள் ஆஷெ. "யாரும் மூடல. அத்தனை பேரும் எதிரே நின்னுக்கிட்டிருக்காங்க."